தலைப்பொங்கல் படிக்கு நான் விளைத்த காய்கள்

என் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்ததுதான். தாலுகா ஆபீசில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வருமானச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்டு வந்து நின்றவர்களிடம் பேசிப் பேசி, எதிரே நிற்கிறவர் திருப்பிப் பேச மாட்டார் என்கிற தைரியம் நாக்கில் ஊறிப்போய்விட்டது. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, மேசைச் சாவியையும் ரப்பர் ஸ்டாம்பையும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நாக்கைத் திருப்பி வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஒரு காலத்தில் வயலாக இருந்த இடத்தில் இருக்கிறது. நெல் தன்பாட்டுக்கு விளைந்துகொண்டிருந்த வயலை ப்ளாட் போட்டு விற்றார்கள். நாங்கள் அதை வாங்கி வீடு கட்டிவிட்டு, பின்னால் மிஞ்சிய மூன்று சென்ட்டில் நாலு கத்தரிச் செடி பிழைக்காதா என்று அல்லாடிக்கொண்டிருக்கிறோம். எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக்குப் பின்னாலும் இதே கூத்துதான் நடக்கிறது.

மகளுக்கு நிச்சயம் செய்யப் பாவூர்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தது வைகாசியில். அன்றைக்கு எங்கள் தோட்டத்தின் மொத்தச் சொத்து முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, கத்தரிச் செடி நாலு, சுவர் ஏறிப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்த்துக்கொண்டிருந்த பீர்க்கங்கொடி ஒன்று. மாப்பிள்ளையின் அப்பா சத்திரத்து மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்தில் விளைகிற கத்தரியும் வெண்டையும் மூட்டை மூட்டையாக அவர் முன்னால் வந்து இறங்கி, ஏலம் போய், கேரளாவுக்கு லாரி ஏறும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன்.

பந்தியில் அவியல் பரிமாறினார்கள். மாப்பிள்ளையின் அம்மா மரியாதைக்கு, "அவியலு நல்லாருக்கு மைனி" என்றார். நல்லா சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நான் நகரவில்லை.

"எல்லாம் நம்ம தோட்டத்துக் காயி மைனி. மார்க்கெட்டுக் காய நாங்க கையால தொடுததில்ல. பூராவும் மருந்தடிச்சதுல்லா."

அந்த அவியலில் முருங்கைக்காய் மட்டும் எங்களுடையது. மிச்சமெல்லாம் சமையல்காரர் அன்று காலையில் மார்க்கெட்டில் வாங்கி வந்தது. அதற்குப் பணம் எண்ணிக் கொடுத்த என் வீட்டுக்காரர், சாம்பார் வாளிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் மண்டிக்காரர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் இலையிலிருந்த அவியலை வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"அப்பம் சரி தங்கச்சி. தலைப்பொங்கலுக்குப் படி கொண்டாருவீயள்லா, அதுல காயி கெழங்கெல்லாம் உங்க தோட்டத்துதா இருக்கட்டும். முப்பது வருசமா மருந்துக் காயயே வித்துத் தின்னுட்டுக் கெடக்கேன். ஒரு நாளாவது நல்ல காயி திங்கணும்லா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அதுக்கென்ன அண்ணாச்சி, கொண்டாந்தாப் போச்சு" என்றேன்.

பொங்கல் படி என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு, பொங்கலுக்கு முன்னால் பெற்றவர்கள் கொண்டுபோய் இறக்குகிற சீர் அது. முதல் பொங்கலுக்கு ஒரு வண்டி நிறையப் போக வேண்டும். வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள் குலை. பிறகு அவரை, பூசணி, தடியங்காய் என்கிற வெண்பூசணி, கத்தரி, வாழைக்காய். அதற்கு மேல் சேனை, சேம்பு, கருணை, எல்லாவற்றுக்கும் ராஜாவாகச் சிறுகிழங்கு. சிறுகிழங்கு இல்லாமல் பொங்கினால் எங்கள் ஊரில் அதைப் பொங்கல் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வண்டியிலிருந்து என்னென்ன இறங்குகிறது என்று மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமெல்லாம் கூடத்தில் நின்று பார்க்கும். பார்த்ததை வருடக்கணக்கில் பேசும். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் காலம் தள்ள வேண்டியவள் நம் மகள்.

பந்தி முடிந்ததும் மகள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"ஏம்மா, இது ஒனக்குத் தேவையா? நாளைக்கு அந்த வீட்ல போயி இருக்கப் போறவ நான்லா."

"சும்மா இருட்டி. தைக்கு இன்னும் எட்டு மாசம் கெடக்கு. வெளைய வச்சிக் காட்டுதேன்."

அந்த எட்டு மாதமும் நான் மண்ணில் கிடந்து புரண்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். பொங்கல் படி இறங்குகிற அன்று என் பெண் அந்தக் கூடத்தில் தலைகுனிந்து நிற்கக் கூடாது.

கல்யாணம் ஆனியில் முடிந்தது. ஆடியில் விதை ஊன்ற உட்கார்ந்தபோது முதல் செய்தி வந்தது. சேனையும் கருணையும் சித்திரையிலேயே நட்டிருக்க வேண்டுமாம். அதாவது, நான் வாய் திறந்த அன்றைக்கு அவை ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்திருக்க வேண்டும். கிழங்கில் பாதி அத்தோடு போயிற்று. சரி, மற்றவற்றைப் பார்ப்போம் என்று அவரை, பூசணி, தடியங்காய், வெண்டை எல்லாம் ஊன்றினேன். கத்தரி நாற்று வாங்கி நட்டேன்.

சாரல் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு மிதப்பு வந்துவிடும். வெளியூர்க்காரன் காரும் வேனும் பிடித்து வந்து நனைகிற சாரல் நமக்கு வாசலிலேயே கிடைக்கிறது என்று சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார்கள், ஏதோ மலையைத் தாங்களே கட்டி நிறுத்தியது போல. சாரல் அடிக்கும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளைத் தெருவில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஊற்றவில்லை. பத்து நாள் விடாத தூறல். இலையெல்லாம் நனைந்து பளபளவென்று நின்றது. பதினோராம் நாள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன.

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் தோட்டக்கலை வீடியோ பார்த்துப் பார்த்து, மாடித் தோட்டம் போடுகிற பையன்கள் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவர் செடிகளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஈரம் சாஸ்தியாயி வேரு அழுகுது ஏளா. பூஞ்சை. மோர் தெளிக்கணும்" என்றார். இரண்டு நாள் மோர் தெளித்தார். செடிகள் மோர் வாசத்தோடு செத்தன. செத்ததைப் பிடுங்கும்போதுதான் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். மேலே நகக்கண் அளவுக்கு ஈரம். அதற்குக் கீழே புழுதி.

மலையில் கொட்டுகிற மழை எங்கள் தெருவுக்கு வரும்போது காற்றில் பறக்கிற பொடித் தூறலாகத்தான் வரும். தலையை நனைக்கும், சளி பிடிக்க வைக்கும், வேர் வரைக்கும் போகாது. அடிக்கிற காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மண்ணைத் தொட்டுப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற விஷயம். இந்த ஊரிலேயே பிறந்து, வளர்ந்து, இந்த ஊர் நிலங்களுக்கெல்லாம் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவள் நான். மண்ணைத் தொட்டதில்லை.

ஆவணியில் மறுபடியும் எல்லாவற்றையும் ஊன்றினேன். சிறுகிழங்கும் அப்போதுதான் நட்டோம். அதற்கு விதை கிடையாது, கொடியைத் துண்டு போட்டு நட வேண்டும். வாசுதேவநல்லூர்ப் பக்கம் வயல் வைத்திருக்கிற பழைய வாத்தியார் ஒருவரிடம் என் வீட்டுக்காரர் போய் ஒரு கட்டுக் கொடி வாங்கி வந்தார்.

"எப்படி வளக்கணும்னு கேட்டீயளா?"

"நட்டு ஒரு மாசம் கழிச்சி மண்ண அணைச்சி விடணும்னான்."

"அணைச்சின்னா?"

"அணைச்சின்னா அணைக்கததான்."

அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும். ஆகவே கேட்கவில்லை. அணைப்பதற்குப் பதிலாக எருவைக் கொட்டினோம். மாட்டுச் சாணம் ஒரு வண்டி வந்து இறங்கியது. அது போதாதென்று அவர் பஞ்சகவ்யம் போட்டார். சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாவற்றையும் ஒரு டிரம்மில் ஊற்றி, காலையும் மாலையும் ஒரு கம்பால் கலக்கி, மேலே துணி கட்டி வைத்தார். முப்பது வருடம் ஒரு கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிண்டாத மனிதர். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். கொசுவுக்காக என்று அவர் என்னிடம் சொன்னார்.

சிறுகிழங்குக் கொடி அந்த எருவைத் தின்று தின்று கொழுத்தது. புரட்டாசியில் மண்ணே தெரியாமல் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தேன், நானே அட்மின். வாரம் தவறாமல் கிழங்குப் பாத்தியைப் படம் பிடித்துப் போட்டேன். பக்கத்தில் நானும் நிற்பேன், கையில் மண்வெட்டியோடு. ஒவ்வொரு படத்துக்கும் சம்பந்தி ஒரே பதில்தான் போடுவார், கூப்பிய கை இரண்டு. நம் விளைச்சலைப் பார்த்து மனுசன் பேச்சடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இலையைப் பார்த்தே அடியில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடக்கூடிய ஆள் அவர் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மகள் போன் செய்தால் முதலில் தோட்டத்தைத்தான் கேட்பாள்.

"கெழங்கு எப்படிம்மா இருக்கு?"

"காடா கெடக்குட்டி. ஒங்க மாமாட்டச் சொல்லு, சாக்கு கொண்டாரச் சொல்லி."

அவள், "ஒண்ணும் வரலன்னாலும் பரவால்லம்மா. கடையில வாங்கிக்கிடுவோம். இங்கன யாரும் எதுவும் நெனைக்க மாட்டாவ" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். உன் தாய் மேல் உனக்கே நம்பிக்கை இல்லையா என்று கேட்டு போனை வைத்துவிடுவேன்.

சீசன் முடிந்ததும் குற்றாலத்தில் கூட்டம் போய்விடும். கூட்டம் போனால் அங்கே இருக்கிற குரங்குகளுக்குப் பிழைப்பு போய்விடும். நாலு மாதம் சிப்ஸும் வாழைப்பழமும் பிடுங்கித் தின்று பழகியவை, புரட்டாசி பிறந்ததும் எங்கள் தெருவுக்கு வந்து ஒவ்வொரு வீடாக விசாரித்தன. எங்கள் கத்தரியைப் பறித்துக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பின. வெண்டையைக் கடித்துத் துப்பின. தின்றிருந்தாலும் மனம் ஆறியிருக்கும். பூசணியில் பிடித்திருந்த இரண்டு பிஞ்சையும் திருகி எடுத்து, ஒன்றை வைத்துச் சுவர் மேல் விளையாடின. நான் கம்பை ஓங்கிக்கொண்டு ஓடினேன். பெரிய குரங்கு ஒன்று உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தது. மனு கொடுக்க வந்தவர்களை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசியில் நிஜ மழை வந்தது. சாரலுக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஏமாந்தவள், இந்த முறை உஷாராக ஒவ்வொரு செடியைச் சுற்றியும் ஆழமாகப் பாத்தி கட்டி வைத்திருந்தேன். ஒரு வாரம் அதில் தண்ணீர் குளமாக நின்றது. இடம் தன் பழைய புத்தியை மறக்கவில்லை, வயல்தானே. நெல் நட்டிருந்தால் அமோகமாக வந்திருக்கும். தடியங்காய்க் கொடி வேரோடு அழுகியது. இந்த முறை உண்மையாகவே பூஞ்சை. மோர் தெளிக்கட்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் பார்த்த பார்வையில் நோட்டை மூடி வைத்துவிட்டார்.

காய்களில் மழைக்கெல்லாம் தப்பி நின்றது அவரை ஒன்றுதான். மார்கழிப் பனியில் பந்தல் முழுக்கப் பூத்தது. காலையில் எழுந்து முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பேன். ஒரு நாள் பூங்கொத்தில் கறுப்பாகச் செடிப்பேன் தெரிந்தது. மறுநாள் காம்பு தெரியாமல் அப்பியிருந்தது. வேப்பெண்ணெய் அடித்தோம், சாம்பல் தூவினோம், பஞ்சகவ்யம் தெளித்தோம். பேனுக்கு மூன்றும் பிடித்திருந்தது.

அப்போது நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பஸ் ஏறிச் செங்கோட்டைக்குப் போனேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் குறைவு. உரக்கடையில் மருந்து ஒரு பாட்டில் வாங்கி, பூக்கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டு வந்தேன். தெருவே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற மத்தியான நேரத்தில், சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு அடித்தேன். மார்க்கெட்டுக் காயைக் கையால் தொடாதவள், மூடியளவு ஒன்று என்று எழுதியிருந்ததை, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாக்கி அடித்தேன். பேன் செத்தது. இரண்டு நாளில் இலை ஓரமெல்லாம் கருகி, பூவும் பிஞ்சும் கொட்டிப் பந்தல் மொட்டையானது. என் வீட்டுக்காரர் கொட்டிக் கிடந்த பூவை மோந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த நல்ல குணத்துக்காகத்தான் அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்த முடிந்திருக்கிறது.

ஆக, மிச்சம் சிறுகிழங்கு. படி கொண்டு போக ஒரு வாரம் இருக்கும்போது தோண்டினோம். முதல் கொடியைப் பிடித்து இழுத்தேன். கை நிறைய இலையும் தண்டும் வந்தது, வேரில் கொண்டைக்கடலை அளவில் இரண்டு உருண்டை தொங்கியது. அடுத்தது, அதற்கு அடுத்தது என்று பாத்தி முழுவதையும் இழுத்துப் போட்டோம். தண்டு மேல் மண்ணைக் குவித்து மூடி விட்டால்தான் கணுவில் கிழங்கு இறங்கும் என்பதை என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாத்தியார் நண்பருக்குப் போன் போட்டுத் தெரிந்துகொண்டார். கடைசியில் ஒரு சொளகின் மூலையில் அடங்குகிற அளவுக்கு ஆட்டுப்புழுக்கை கிடைத்தது. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். கிழங்குக்காக அழவில்லை. கூடத்தில் சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, நடுவில் என் பெண் நிற்பது கண் முன்னால் வந்துவிட்டது.

"வாங்கிருவோம் ஏளா" என்றார் அவர்.

சத்திரத்து மார்க்கெட்டுக்குப் போக முடியாது, அது சம்பந்தியின் வாசல். தென்காசி மார்க்கெட்டுக்குப் போனோம். முகத்தை மறைக்க நான் குடை பிடித்திருந்தேன், வெயிலும் இல்லை மழையும் இல்லை. கடைக்கார அம்மாளிடம், "இது எந்த ஊருக் கெழங்கு?" என்று கேட்டேன்.

"எல்லாம் சத்திரத்துச் சரக்குதாம்மா. வேற எங்கன இருந்து வரும்?"

பூசணி, தடியங்காய், அவரை, கத்தரி, சேனை, கருணை, சேம்பு என்று எல்லாம் வாங்கினோம். எல்லாம் சத்திரத்துச் சரக்கு. சிறுகிழங்கு மட்டும் பதினைந்து கிலோ. வீட்டுக்கு வந்து சாக்கை அவிழ்த்ததும்தான் அடுத்த பயம் வந்தது. கிழங்கெல்லாம் செம்மண் அப்பியிருந்தது. எங்கள் தோட்டம் கறுப்பு மண். மண்டிக்காரர் கண்ணுக்கு இது தப்புமா?

சிறுகிழங்கைச் சமைக்கிற அன்றைக்குத்தான் கழுவ வேண்டும் என்பது எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் பதினைந்து கிலோவையும் தொட்டியில் கொட்டிக் கழுவினேன். காய வைத்தேன். பிறகு தோட்டத்துக் கறுப்பு மண்ணைக் குழைத்து ஒவ்வொரு கிழங்காக எடுத்துப் பூசினேன். இரண்டு நாள் ஆயிற்று. நான் பூசிக் கொடுக்க, அவர் வெயிலில் வரிசையாகப் பரப்பினார். போலிச் சான்றிதழைத் தாளைத் தடவியே கண்டுபிடிக்கிறவள் என்று ஆபீசில் எனக்குப் பெயர். எத்தனையோ பேரை அழ விட்டிருக்கிறேன். அவர்களில் யாராவது அன்றைக்கு எங்கள் பின்வாசலுக்கு வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

படி இறக்குகிற அன்று லோடு ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு போனோம். கூடம் நிறையச் சொந்தம். பானை இறங்கியது, கரும்பு இறங்கியது, காய்கள் இறங்கின. கடைசியில் சிறுகிழங்குச் சாக்கு. எல்லாரும் ரொம்ப மரியாதையாக இருந்தார்கள். அப்படி ஒரு மரியாதையை நான் ஆபீசில்கூடப் பார்த்ததில்லை. ஒரு பெரியவர், "என்ன உரம் போட்டீயம்மா?" என்றார். பஞ்சகவ்யம் பற்றிச் சொன்னேன். இன்னொரு அம்மாள், "கொரங்கு வராதா?" என்றார். வரும், நாம் கண்டிப்பாக இருந்தால் போய்விடும் என்றேன். சாரலை நம்பக் கூடாது, மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பொதுவாகவும் கொஞ்சம் சொன்னேன். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. சம்பந்தி ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். மண் பொருக்காக உதிர்ந்து விழுந்தது. அடியில் கிழங்கு வழுவழுவென்று இருந்தது. அவர் அதைச் சாக்கில் திரும்பப் போட்டுவிட்டு, "நல்ல வெளைச்சல் தங்கச்சி" என்றார்.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. சமையலறையில் மகள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அவள் தோளைத் தட்டினேன்.

"பாத்தியா? ஒருத்தராவது வாயத் தொறந்தாவளா?"

அவள் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தெறக்க மாட்டாவம்மா. நான்தான் மாமாட்டக் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"நீ குரூப்ல போட்ட போட்டோவப் பாத்துட்டு, மண்ணு அணைக்கலியே, இதுல கெழங்கு எறங்காதேன்னு மாமா அப்பமே சொன்னாவ. எங்கம்மா கடையில வாங்கித்தான் கொண்டாருவாவ, யாரும் அவிய மொகத்துக்கு நேர எதுவும் சொல்லிராதீயன்னு கேட்டேன். மாமா சரின்னுட்டாவ. அத்தைதான் இன்னைக்கு வந்தவியட்டயெல்லாம் சொல்லி வச்சிருக்காவ." டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, "இந்த வீட்டுக்கு வந்து நான்னு ஒண்ணு கேட்டது இதுதாம்மா. வேற எதுவும் இன்னும் கேக்கல" என்றாள்.

கல்யாணமாகி வந்த வீட்டில் ஒரு பெண் முதன்முதலாக என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் கேட்டிருக்கிறேன். வேலைக்குப் போகிறேன் என்று கேட்டேன், கேட்பதற்கு ஆறு மாதம் தைரியத்தைச் சேர்த்தேன். என் பெண் அதை எனக்காகச் செலவழித்திருக்கிறாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அதற்குள் இன்னொரு நினைப்பு முந்திக்கொண்டது. உரம் என்ன என்று கேட்ட பெரியவருக்குத் தெரியும். குரங்கு பற்றிக் கேட்ட அம்மாளுக்குத் தெரியும். ஒரு கூடமே தெரிந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நான் சொன்ன பாடத்தைக் கேட்டிருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மனச்சாட்சி உறுத்தியதாக எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒன்றும் உறுத்தவில்லை. என் மேல் இத்தனை பேர் இரக்கப்பட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, வேண்டாம்மா" என்று மகள் சொன்னது காதில் விழுந்தது. நான் கூடத்துக்கு வந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, இதுல ஒண்ணுகூட எங்க தோட்டத்துது இல்ல. எல்லாம் தென்காசி மார்க்கெட்டுல வாங்குனது. கெழங்குக்கு மண்ணு பூசுனதும் நான்தான்."

சம்பந்தி வேட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால், காபித் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்ற என் மகளைப் பார்த்தார். அவர் முகம்தான் வாடியிருந்தது, கொடுத்த வாக்கு தவறிப்போனவர் முகம் மாதிரி.

"நான் ஒண்ணும் கேக்கலம்மா" என்றார் அவளிடம். "அவியளாத்தான் சொல்லுதாவ."

பின்னாலிருந்து யாரோ அடக்க மாட்டாமல் சிரித்தார்கள். அவரைப் பார்த்து இன்னொருவர் சிரித்தார். பிறகு கூடம் முழுவதும் சிரித்தது. என் மகள் தட்டைப் பிடித்தபடி நடுவில் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள்.